கல்பனா சாவ்லா: டிகிரியும் பைலட் லைசென்ஸும்... ஒரே வாழ்க்கையில் இரண்டையும் எப்படிச் சேர்த்தார்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பேச்சுதான். இன்ஜினீயரிங்கா, நர்சிங்கா, கலைக் கல்லூரியா? இந்த லிஸ்டில் இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. பைலட்.

பிள்ளை பைலட் ஆகணும் என்று சொன்னதும் வீட்டில் வரும் முதல் கேள்வி செலவு பற்றியது. இரண்டாவது கேள்வி, டிகிரி என்ன ஆகும்? தென்னந்தோப்பையோ ரப்பர் தோட்டத்தையோ அடமானம் வைத்துப் பயிற்சிக்கு அனுப்பி, வேலை கிடைக்காமல் போனால், கையில் ஒரு பட்டம்கூட இல்லாமல் பிள்ளை திரும்பி வந்தால்? பெற்றோரின் இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. முதலில் டிகிரியை முடி, அப்புறம் பறக்கலாம் என்று அவர்கள் சொல்வார்கள். அப்புறம் என்றால் எப்போது என்று பிள்ளை கேட்கும்.

இந்தக் கேள்விக்கு ஒரு முழு வாழ்க்கையையே பதிலாக வைத்துவிட்டுப் போனவர் கல்பனா சாவ்லா. விண்வெளி வீராங்கனை என்றுதான் நமக்கு அவரைத் தெரியும். பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அவர் பெயரில் தமிழக அரசு கொடுக்கும் விருதைச் செய்தியில் பார்த்திருப்போம். ஆனால் விண்கலத்தில் ஏறுவதற்கு முன்பே அவர் சிறிய விமானங்கள், கடல் விமானங்கள், கிளைடர் எல்லாவற்றையும் ஓட்ட லைசென்ஸ் வைத்திருந்தவர் என்பதும், மற்றவர்களுக்கு விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் தகுதி பெற்றவர் என்பதும் பலருக்குத் தெரியாது. அதே ஆண்டுகளில்தான் அவர் மூன்று பட்டங்களையும் வாங்கினார்.

இது எப்படி நடந்தது? வாங்க, பார்க்கலாம்.

சைக்கிளும் புஷ்பக்கும்

டெல்லிக்கு வடக்கே, ஹரியானாவில் இருக்கிறது கர்னால். அங்கே 1962 மார்ச் 17 அன்று பிறந்தார் கல்பனா. பள்ளியில் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டிச் சொன்னதால் சான்றிதழ்களில் 1961 ஜூலை 1 என்று பதிவாகிவிட்டது. நம்ம தாத்தா, பாட்டி காலத்துச் சான்றிதழ்களில் பார்க்கும் அதே கதைதான். வீட்டில் நான்கு பிள்ளைகள், இவர்தான் கடைக்குட்டி. பிரிவினையின்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்த குடும்பம். அப்பா சின்னச் சின்ன வேலைகள் செய்து, பிறகு டயர் தொழிலில் காலூன்றினார். சொத்து சுகத்தோடு தொடங்கிய கதை இல்லை இது.

வீட்டில் செல்லமாக மோன்ட்டோ என்று கூப்பிடுவார்கள். பள்ளியில் சேர்க்கும்போது கல்பனா என்ற பெயரை அவரே தேர்ந்தெடுத்ததாகக் குடும்பத்தினர் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெயருக்கு அர்த்தம் கற்பனை.

கர்னாலுக்கு ஒரு விசேஷம் உண்டு. அந்தக் காலத்தில் ஃப்ளையிங் கிளப் இருந்த சில இந்திய ஊர்களில் அதுவும் ஒன்று. கல்பனாவும் அண்ணன் சஞ்சயும் சைக்கிளில் போகும்போது தலைக்கு மேலே பயிற்சி விமானங்கள் தாழப் பறக்கும். எங்களையும் ஒருமுறை கூட்டிப்போங்க என்று அப்பாவிடம் நச்சரித்து, புஷ்பக் விமானத்திலும் கிளைடரிலும் பறந்தார்கள். புஷ்பக் என்பது ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தயாரித்த, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்ன விமானம். ஃப்ளையிங் கிளப்களில் ஒரு தலைமுறையே அதில்தான் பறக்கக் கற்றுக்கொண்டது.

இன்னொரு பெயரும் அவர் மனதில் இருந்தது. ஜே.ஆர்.டி. டாடா. இந்தியாவில் முதல் பைலட் லைசென்ஸ் பெற்றவர், 1932-ல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தானே விமானம் ஓட்டித் தபால் கொண்டுவந்தவர். தனக்குத் தூண்டுதலாக இருந்தவர்களில் ஒருவராகக் கல்பனா பின்னாளில் இவரைக் குறிப்பிட்டார்.

விமானம் பக்கத்திலேயே இருப்பது ஒரு குழந்தைக்கு என்ன செய்யும் என்பதற்கு இது உதாரணம். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, திருவனந்தபுரம் போனால்தான் விமானத்தைக் கிட்டத்தில் பார்க்க முடியும்.

1978: திறக்காத கதவுகள்

கர்னாலில் பள்ளிப் படிப்பையும் கல்லூரி முன்படிப்பையும் முடித்த கல்பனா, 1978-ல் சண்டிகரில் பஞ்சாப் இன்ஜினீயரிங் கல்லூரியில் சேர்ந்தார். எடுத்தது ஏரோநாட்டிகல் இன்ஜினீயரிங். பெண்கள் அந்தத் துறைப் பக்கமே போகாத காலம். மெக்கானிக்கலோ எலெக்ட்ரிக்கலோ எடுத்தால் வேலை எளிது என்று பலரும் சொல்லிப் பார்த்தார்கள். அவர் மாறவில்லை.

இங்கே ஒரு கேள்வி வரும். பறக்கணும் என்றுதானே ஆசை? நேராக பைலட் ஆகியிருக்கலாமே, எதற்கு இன்ஜினீயரிங்?

அன்றைய நிலையைப் பார்த்தால் பதில் புரியும். படிப்பையும் பறப்பதையும் ஒரே கூரையின் கீழ் கொடுக்கும் இடம் அப்போதே ஒன்று இருந்தது. புனே அருகே உள்ள தேசிய பாதுகாப்பு அகாடமி, சுருக்கமாக என்.டி.ஏ. மூன்று வருடம் படித்துப் பட்டம் வாங்கலாம், பிறகு அரசு செலவிலேயே விமானப் படையில் பறக்கப் பயிற்சி. 1984-ல் விண்வெளிக்குப் போன முதல் இந்தியரான ராகேஷ் சர்மா இந்த வழியில் வந்தவர்தான். ஆனால் 1978-ல் அந்தக் கதவு பெண்களுக்குச் சாத்தியே இருந்தது. இந்திய விமானப் படையில் பெண் பைலட்கள் பணியில் சேர்ந்தது 1994-ல். என்.டி.ஏ.வில் பெண்கள் சேர்ந்தது 2022-ல்.

இன்னொரு வழி, சொந்தச் செலவில் ஃப்ளையிங் கிளப்பில் சேர்வது. ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று பணம் கட்டிப் பறக்க வேண்டும். நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணுக்கு அதுவும் எளிதில்லை.

திறந்திருந்த கதவு ஒன்றுதான், கல்லூரி. கல்பனா அதன் வழியே போனார். ஆனால் எடுத்த பாடம் விமானம். கவனிக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான். பறப்பது நடக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்த டிகிரியாக அவர் அதை எடுக்கவில்லை. விமானத்துக்குப் பக்கத்திலேயே நிற்க வைக்கும் டிகிரியாகப் பார்த்து எடுத்தார்.

இதே காலத்தில் நம்ம ஊரிலும் ஒரு இளைஞர் இதே துறையைப் படித்துக்கொண்டிருந்தார். நாகர்கோவில் பக்கம் சரக்கல்விளையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, தெ.தி. இந்துக் கல்லூரியில் கணிதம் படித்து, 1980-ல் சென்னை எம்.ஐ.டி.யில் ஏரோநாட்டிகல் முடித்த கே.சிவன். பிறகு இஸ்ரோ தலைவரானவர். கர்னாலோ சரக்கல்விளையோ, வானத்துக்குப் போகும் பாதை அன்றைக்குக் கல்லூரி வழியாகத்தான் போனது.

அமெரிக்கா: பகலில் சமன்பாடு, லீவு நாளில் ரன்வே

1982-ல் சண்டிகரில் பட்டம் வாங்கிய கல்பனா, அதே வருடம் அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்லிங்டன் வளாகத்துக்கு மேற்படிப்புக்குப் போனார். பெண்ணை அவ்வளவு தூரம் தனியாக அனுப்புவதில் வீட்டில் தயக்கம் இருந்தது. அதைத் தாண்டித்தான் போனார். 1984-ல் ஏரோஸ்பேஸ் இன்ஜினீயரிங்கில் முதுகலைப் பட்டம். பிறகு கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் ஆய்வு, 1988-ல் டாக்டர் பட்டம்.

ஆர்லிங்டனில்தான் ழான் பியர் ஹாரிசனைச் சந்தித்தார். பிரான்ஸில் பிறந்தவர், விமானப் பயிற்சியாளர். 1983-ல் திருமணம். கல்பனாவின் சிறுவயது ஆசைக்கு வீட்டுக்குள்ளேயே துணை கிடைத்தது.

அமெரிக்காவில் படிப்பும் வேலையுமாக இருந்த அந்த ஆண்டுகளில்தான் கல்பனா விமானம் ஓட்டக் கற்றார். இது ஏன் அங்கே சாத்தியமானது என்று தெரிந்துகொள்வது நல்லது. அங்கே சின்ன ஊர்களில்கூட சிறிய விமானத் தளங்கள் உண்டு. கார் ஓட்டப் பழகுவதுபோல, வாரக் கடைசியில் போய் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் பறந்துவிட்டு வரலாம். பணம் இருக்கும்போது கட்டலாம், இல்லாத மாதம் நிறுத்தி வைக்கலாம். முழுநேரமாக அதிலேயே உட்கார வேண்டியதில்லை.

படிகளும் தெளிவாக இருக்கும். முதலில் தனியார் பைலட் லைசென்ஸ். அதற்குக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அடுத்து, மேகத்துக்குள் வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி. அதற்குப் பிறகு, வழக்கமான முறையில் 250 மணி நேரம் சேர்ந்தால் கமர்ஷியல் லைசென்ஸ். அதன் மேலே பயிற்சியாளர் தகுதி.

கல்பனா இந்த ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறினார். ஒற்றை இன்ஜின், பல இன்ஜின் விமானங்கள், தண்ணீரில் இறங்கும் கடல் விமானங்கள், கிளைடர்கள் ஆகியவற்றுக்குக் கமர்ஷியல் லைசென்ஸ் பெற்றார். விமானமும் கிளைடரும் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளர் சான்றிதழும் வாங்கினார். வானத்தில் குட்டிக்கரணம் அடிக்கும் ஏரோபேட்டிக்ஸ் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். சிறுவயதில் கர்னாலில் தலைக்கு மேலே பார்த்ததை, இப்போது கையில் பிடித்து ஓட்டினார்.

சோறு போட்டது எது?

உண்மையைச் சொன்னால், டிகிரிதான்.

1988-ல் டாக்டர் பட்டம் வாங்கிய கையோடு நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஹாரியர் போல நின்ற இடத்திலிருந்தே மேலெழும் போர் விமானங்கள் இருக்கின்றன இல்லையா? அவை தரைக்குப் பக்கத்தில் இருக்கும்போது இன்ஜினிலிருந்து வரும் காற்று தரையில் மோதி எப்படித் திரும்புகிறது, அதனால் விமானம் எப்படி ஆட்டம் காண்கிறது என்பதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்க்கும் வேலை. 1993-ல் கலிபோர்னியாவில் ஓவர்செட் மெத்தட்ஸ் என்ற நிறுவனத்தில் துணைத் தலைவராகவும் ஆய்வாளராகவும் சேர்ந்தார். 1991-ல் அமெரிக்கக் குடியுரிமையும் வந்திருந்தது. நாசாவின் விண்வெளி வீரராக அது கட்டாயம்.

1994 டிசம்பரில் நாசா அவரை விண்வெளி வீரர் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தது. இங்கே ஒரு ஒற்றுமையைக் கவனியுங்கள். இந்திய விமானப் படையில் முதல் பெண் பைலட்கள் பணியில் சேர்ந்ததும் அதே 1994 டிசம்பரில்தான். அவர் கல்லூரிக்குப் போன வயதில் மூடியிருந்த கதவு இந்தியாவில் திறந்த அதே மாதம், அவர் வேறு பாதையில் போய் வேறு பெரிய வாசலைத் தொட்டுவிட்டார்.

சரி, பைலட் லைசென்ஸ் இருந்ததால்தான் நாசா எடுத்ததா? அப்படிச் சொல்ல முடியாது. விண்கலத்தை ஓட்டும் பைலட் பதவிக்கு அப்போது நாசா கேட்டது, ஜெட் விமானத்தில் கேப்டனாகக் குறைந்தது 1,000 மணி நேரம். பெரும்பாலும் ராணுவ பைலட்களால்தான் அது முடியும். சின்ன விமானங்களில் எவ்வளவு பறந்தாலும் அந்தக் கணக்கில் வராது. கல்பனா தேர்வானது மிஷன் ஸ்பெஷலிஸ்ட் என்ற இன்னொரு பிரிவில். அதற்குத் தேவை அறிவியல் அல்லது இன்ஜினீயரிங் பட்டமும் துறை அனுபவமும். பைலட் லைசென்ஸ் கட்டாயமே இல்லை.

ஆக, வாசலைத் திறந்த சாவி டிகிரி. அப்படியென்றால் சொந்தப் பணத்தையும் லீவு நாட்களையும் கொட்டி வாங்கிய லைசென்ஸ் எதற்கு? அதற்குப் பதில் அவருடைய இரண்டாவது பயணத்தில் இருக்கிறது. முதலில், முதல் பயணத்தில் அவர் சந்தித்த சோதனை.

1997: ஒரு பயணம், ஒரு தவறு, ஐந்து மாத விசாரணை

1997 நவம்பர் 19. கொலம்பியா விண்கலத்தில் எஸ்.டி.எஸ்.-87 பயணம். இந்தியாவில் பிறந்த ஒரு பெண் விண்வெளிக்குப் போனது அதுதான் முதல்முறை. 16 நாட்களில் பூமியை 252 தடவை சுற்றினார்கள்.

விண்கலத்தின் ரோபோ கையை இயக்கும் முக்கியப் பொறுப்பு கல்பனாவுடையது. சூரியனை ஆராயும் ஸ்பார்ட்டன் என்ற செயற்கைக்கோளை அந்தக் கையால் வெளியே விட வேண்டும். விட்டபோது செயற்கைக்கோள் வேலை செய்யவில்லை. திரும்பப் பிடிக்கப் போனபோது அது சுழலத் தொடங்கிவிட்டது. கடைசியில் வின்ஸ்டன் ஸ்காட், டகாவோ டோய் என்ற இரண்டு வீரர்கள் விண்கலத்துக்கு வெளியே போய், கையாலேயே பிடித்து உள்ளே சேர்த்தார்கள்.

முதல் பயணம். உலகமே பார்க்கிறது. இந்தியாவில் கொண்டாடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் தவறு இவர் கையில் நடந்ததாகச் செய்தி. இதோடு அவருக்கு மறுபடி வாய்ப்பு கிடைக்குமா என்ற கேள்வியும் எழுந்தது.

ஐந்து மாத விசாரணைக்குப் பிறகு நாசா சொன்ன முடிவு வேறு. மென்பொருளில் குறை, விண்கலக் குழுவுக்கும் தரைக் கட்டுப்பாட்டு அறைக்கும் வகுத்திருந்த நடைமுறைகளில் குறை. ஒருவர் தலையில் மட்டும் பழியைப் போட முடியாது என்று ஆனது. அதற்குப் பிறகு விண்வெளி வீரர்கள் அலுவலகத்தில் கருவிகள், வசதிகள் தொடர்பான தொழில்நுட்பப் பொறுப்புகளை அவருக்குக் கொடுத்தார்கள். அந்த வேலையில் அவருக்குப் பாராட்டும் கிடைத்தது. இரண்டாவது பயணத்துக்கும் அவர் பெயர் வந்தது.

கர்னாலையும் மறக்கவில்லை. தான் படித்த தாகூர் பால நிகேதன் பள்ளியிலிருந்து ஆண்டுதோறும் இரண்டு மாணவிகள் நாசாவைப் பார்க்க வருவதற்கு 1998 முதல் ஏற்பாடு செய்தார். விமானம் தலைக்கு மேலே பறந்ததால் தனக்கு என்ன ஆனது என்று தெரிந்தவர் அவர். ஊர்ப் பிள்ளைகளுக்கும் கிட்டத்தில் காட்டிவிட வேண்டும் என்று நினைத்திருக்கலாம்.

2003: பைலட்களுக்குப் பின்னால் ஒரு இருக்கை

எஸ்.டி.எஸ்.-107. பலமுறை தள்ளிப்போன பயணம். கடைசியில் 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா கிளம்பியது. ஏழு பேர், சுமார் 80 ஆய்வுகள். இரண்டு ஷிஃப்டாகப் பிரிந்து 24 மணி நேரமும் வேலை.

இந்த முறை கல்பனாவுக்கு ஃப்ளைட் இன்ஜினீயர் பொறுப்பு. கமாண்டர் ரிக் ஹஸ்பண்டும் பைலட் வில்லியம் மெக்கூலும் முன்னால். அவர்களுக்குப் பின்னால், நடுவில் கல்பனா. விண்கலம் மேலே போகும்போதும் பூமிக்குத் திரும்பும்போதும் கருவிகளைக் கண்காணிப்பது, எந்த நொடியில் எதைச் செய்ய வேண்டும் என்ற பட்டியலைப் பார்த்து இரண்டு பைலட்களுக்கும் துணையாக இருப்பது, ஏதாவது கோளாறு என்றால் உடனே கண்டுபிடித்துச் சொல்வது. இதெல்லாம் அந்த இருக்கையின் வேலை.

அங்கே உட்காருகிறவருக்கு இயந்திரத்தின் உள்விவரமும் தெரிய வேண்டும், பைலட்டின் அவசரமும் புரிய வேண்டும். காற்று எப்படி ஓடும் என்று கணக்குப் போடத் தெரிந்தவர், அதே காற்றில் கட்டுப்பாட்டுக் கம்பியைப் பிடித்து ஓட்டியும் பழகியவர் கல்பனா. டிகிரியும் லைசென்ஸும் ஒரே நாற்காலியில் வந்து சேர்ந்த இடம் அது. எந்த விண்ணப்பப் படிவத்திலும் கட்டாயம் என்று கேட்காத அந்தப் பழக்கம், அங்கே அவரோடு இருந்தது.

பிறகு நடந்தது நமக்குத் தெரியும். கிளம்பி சுமார் 82 நொடியில், வெளி எரிபொருள் தொட்டியிலிருந்து உடைந்து வந்த நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியிருந்தது. தரையில் சில இன்ஜினீயர்கள் கவலைப்பட்டு, சேதத்தைப் படமெடுத்துப் பார்க்கலாம் என்று கேட்டார்கள். மேலிடம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2003 பிப்ரவரி 1, சனிக்கிழமை. பூமிக்குத் திரும்பும்போது அந்த ஓட்டை வழியாக வெப்பக் காற்று உள்ளே புகுந்து இறக்கையைச் சிதைத்தது. தரையிறங்க 16 நிமிடம் இருக்கும்போது, டெக்சாஸ் வானத்தில் விண்கலம் உடைந்தது. ஏழு பேரும் இறந்தார்கள்.

20 வயதில் படிக்க வந்து இறங்கிய அதே டெக்சாஸ் மாநிலம். அவருக்கு 41 வயது நிரம்ப இன்னும் ஆறு வாரம் இருந்தது. அவர் விரும்பிய யூட்டா மாநிலத்தின் ஜயன் தேசியப் பூங்காவில் அஸ்தியைத் தூவினார்கள்.

விபத்தை விசாரித்த குழு, நுரைத் துண்டோடு நிறுத்தவில்லை. எச்சரித்தவர்களின் குரல் மேலே போய்ச் சேராத நாசாவின் நிர்வாகப் பழக்கத்தையும் காரணமாகச் சொன்னது. படிப்பு, பயிற்சி, திறமை எல்லாம் இருந்தும், வேறொருவர் எடுத்த முடிவு ஏழு உயிர்களைக் கொண்டுபோனது. இந்த வாழ்க்கையைச் சொல்லும்போது அதை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

நம்ம வானத்தில் கல்பனா

விபத்து நடந்து நான்காவது நாள், பிப்ரவரி 5 அன்று, பிரதமர் வாஜ்பாய் ஒரு அறிவிப்பு வெளியிட்டார். 2002 செப்டம்பர் 12 அன்று பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் போயிருந்த மெட்சாட் வானிலைச் செயற்கைக்கோளின் பெயர் இனி கல்பனா-1. வானிலைக்காக மட்டுமே இஸ்ரோ செய்த முதல் செயற்கைக்கோள் அது.

ஆரல்வாய்மொழி தாண்டி, காவல்கிணறு பக்கம் போனால் தெரியும் மகேந்திரகிரி. பி.எஸ்.எல்.வி.யின் திரவ எரிபொருள் இன்ஜின்கள் சோதிக்கப்படுவது அந்த மலை அடிவாரத்தில்தான். அந்த ராக்கெட்டில் ஏறிப்போன கல்பனா-1, 2017 வரை இந்தியப் பெருங்கடலுக்கு மேலே நின்று மேகங்களைப் படம்பிடித்து அனுப்பியது. குளச்சலிலும் தூத்தூரிலும் கடலுக்குப் போகிறவர்கள் வானொலியில் கேட்ட வானிலை அறிக்கைகளுக்குப் பின்னால் இருந்த கண்களில் கர்னால் பெண்ணின் பெயரும் ஒன்று.

தமிழக அரசு 2003-ல் அவர் பெயரில் துணிவு, சாகசச் செயலுக்கான விருதை உருவாக்கியது. ஒவ்வொரு சுதந்திர தினத்திலும் தமிழகத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு 5 லட்சம் ரூபாயும் தங்கப் பதக்கமும் வழங்கப்படுகிறது.

இன்றைக்கு நம்ம பிள்ளைகளுக்கு என்ன வழி?

கல்பனாவுக்கு இருந்ததைவிட இப்போது கதவுகள் அதிகம். சுருக்கமாகப் பார்க்கலாம்.

முதல் வழி, என்.டி.ஏ.: பிளஸ் டூ முடித்ததும் எழுதலாம். பட்டமும் கிடைக்கும், விமானப் படைக்குத் தேர்வானால் பறக்கும் பயிற்சியும் கிடைக்கும். செலவு அரசுடையது. இப்போது பெண்களும் சேரலாம். தோப்பை அடமானம் வைக்க வேண்டியதே இல்லை. ஆனால் போட்டி கடுமை, உடல் தகுதித் தேர்வும் கடுமை.

இரண்டாவது வழி, பட்டம் முடித்து விமானப் படை: கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு ஏ.எஃப்.கேட் தேர்வு எழுதலாம். பைலட் பிரிவுக்கு பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்து சி சான்றிதழ் வாங்கியவர்களுக்குத் தனி நுழைவும் உண்டு.

மூன்றாவது வழி, கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்: இதற்குச் சட்டப்படி டிகிரி தேவையில்லை. 18 வயது, பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம், மருத்துவத் தகுதி, டி.ஜி.சி.ஏ. எழுத்துத் தேர்வுகள், 200 மணி நேரம் பறந்த அனுபவம். அதில் 100 மணி நேரம் நீங்களே கேப்டனாக ஓட்டியிருக்க வேண்டும். செலவு அரை கோடி ரூபாய் அளவுக்குப் போகும், சில இடங்களில் அதையும் தாண்டும். நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரத்தில் கேரள அரசின் ராஜீவ் காந்தி விமானத் தொழில்நுட்ப அகாடமி இருக்கிறது. பயிற்சியோடு சேர்த்தே தொலைதூரக் கல்வியில் ஒரு பட்டம் படிப்பவர்கள் உண்டு. பட்டத்தையும் பயிற்சியையும் இணைத்துக் கொடுக்கும் படிப்புகளும் வந்திருக்கின்றன.

மூன்றாவது வழியில் ஒரு எச்சரிக்கை. பறக்கும் பயிற்சிக்கு நடுவில் நீண்ட இடைவெளி விட்டால், கைப்பழக்கம் போய்விடும், மறுபடி பறக்கப் பணம் கட்ட வேண்டும். டிகிரி அப்படி இல்லை, ஒரு செமஸ்டர் தள்ளினாலும் காத்திருக்கும். அதனால் இரண்டையும் சேர்த்துச் செய்பவர்கள், பறக்கும் மாதங்களில் பறப்பதை மட்டும் முதன்மையாக வைத்துக்கொள்வது நல்லது. பணம் கட்டும் முன் முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். கண்ணிலோ காதிலோ ஒரு குறை தெரிந்தால், அது கடன் வாங்குவதற்கு முன்பே தெரிந்துவிடட்டும்.

கடைசியாக...

கல்பனாவின் வாழ்க்கையை அப்படியே காப்பி அடிக்க முடியாது. அவருக்கு வாய்த்த நாடு, காலம், துணை எல்லாம் வேறு. ஆனால் அவர் வரிசைப்படுத்திய விதத்தை எடுத்துக்கொள்ளலாம். கையில் காசு இல்லாத வயதில், விமானத்தை விட்டு விலகாத ஒரு படிப்பைப் படித்தார். அந்தப் படிப்பு அவரை விமானத் தளங்கள் நிறைந்த ஊருக்குக் கொண்டுபோனது. அங்கே மணிக்கணக்கில் சேர்த்துச் சேர்த்து லைசென்ஸ் வாங்கினார். ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருந்தது. இரண்டில் எதையும் அவர் விட்டுவிடவில்லை.

முதலில் டிகிரி, அப்புறம் பறக்கலாம் என்று வீட்டில் சொன்னால், அதோடு சண்டை போட வேண்டியதில்லை. எந்த டிகிரி, அப்புறம் என்றால் எத்தனை மாதம், அதற்குப் பணம் எங்கிருந்து என்று மூன்றையும் ஒரு பேப்பரில் எழுதி, அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பேசுங்கள். தேதி போட்ட கனவுக்கு வீட்டில் மரியாதை கொஞ்சம் அதிகம் கிடைக்கும்.